கொள்ளா நோன்பு

புதுச்சேரி மணக்குள விநாயகர் திருமுன் நின்று, கடன் தீர வழிகாட்ட வேண்டுமென்று கண்ணீர் மல்க வேண்டிக்கொள்ளும் அன்பர்கள் பலர். வேண்டுதல் முடிந்து வெளியே வந்தால் நேரு வீதி மிக அணித்தே உள்ளது. பிரெஞ்சு ஆட்சியில் துய்ப்ளே வீதி என வழங்கிய அவ்வீதியில், கையில் காசு இல்லையாயினும் தவணையில் பெறலாம் என்னும் அறிவிப்பைக் கண்டு, வீட்டில் முன்னரே நன்னிலையில் இருக்கும் ஒரு பொருளையே புதிதாக மீண்டும் ஒருமுறை வாங்கிக்கொண்டு திரும்புவோரும் அவ்வன்பர்களுள் உண்டு. வேண்டுதல் ஒரு திசையிலும் கால்கள் மற்றொரு திசையிலும் சென்றால் பிள்ளையார்தாம் என் செய்வார்?

இது நகைத்து விடத்தக்க செய்தியன்று. பள்ளி திறக்கும் காலத்தில் பிள்ளையின் கட்டணத்துக்காகத் தாயின் வளையல் அடகுக் கடைக்குச் செல்லும் இல்லங்கள் இந்நகரில் குறைவில்லை. அவ்வில்லங்களின் அலமாரிகளைத் திறந்து பார்த்தால், ஒருமுறை உடுத்திப் பின் மறந்துபோன ஆடைகள் அடுக்கடுக்காக இருக்கும். வளையலை அடகு வைக்கச் செய்தது பள்ளிக் கட்டணம் மட்டுமன்று, அவ்வலமாரியும் ஆகும்.

தேவை வேறு, அவா வேறு. பழைய வேட்டி கிழிந்துவிட்டது என்பது தேவை. அண்டை வீட்டார் கரை அகன்ற வேட்டி உடுத்தியிருக்கிறார் என்பது அவா. தேவைக்கு எல்லை உண்டு. ஒரு வேட்டி வாங்கியவுடன் அது அமைதியடைந்துவிடும். அவாவோ, கிடைத்தவுடன் அமைதியடையாது, தனக்கு அடுத்ததைப் பெற்றெடுக்கும். அவாவறுத்தல் என ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவர், அதனைத் துறவறவியலில் வைத்தார். அதனால் அது துறவிக்குரிய பாடம் மட்டுமே என்று இல்லறத்தார் கடந்துபோய்விடுகின்றனர். ஆனால் வரவு செலவு பற்றிய குறட்பாக்களை அவர் எங்கு வைத்தார் என்பதை நோக்கினால் வியப்பு மேலிடும். அவை பொருட்பாலில், வலியறிதல் என்னும் 48 ஆம் அதிகாரத்தில் உள்ளன. அரசன் தன் வலியும் மாற்றான் வலியும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டிய இடத்தில், வருவாய் சிறிதாயினும் செலவு அதனினும் பெருகாதிருந்தால் கேடில்லை என்னும் கருத்து வருகிறது. தன் வருவாயின் அளவறியாதவன் தன் வலியறியாதவனே என்பது இதனால் பெறப்படும்.

மெல்லிய மயிற்பீலியே ஆயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் உவமையும் அவ்வதிகாரத்தில்தான் இடம்பெறுகிறது. எளியவர் என்று பலரோடும் பகைகொள்பவன், அவர் ஒன்றுகூடியவழித் தன் வலி இழப்பான் என்பது அதற்குப் பரிமேலழகர் கொண்ட பொருள். சிறு செலவுகளும் அத்தகைய எளிய பகைவரே எனக் கொள்வதில் பிழையில்லை. காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தைக்கு ஒரு கரண்டி வாங்கச் செல்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கரண்டியோடு ஒரு சட்டை, ஒரு விளையாட்டுப் பொருள், மலிவாகக் கிடைத்தது என்பதற்காக இரண்டு நெகிழி டப்பா என 400 ரூபாய் செலவாகிறது. இவ்வாறு 52 ஞாயிறுகள் சென்றால் ஆண்டுக்கு 20,800 ரூபாய். நாள்தோறும் மாலையில் வேண்டியோ வேண்டாமலோ வாங்கும் தின்பண்டத்துக்கு 50 ரூபாய் எனின் ஆண்டுக்கு 18,250 ரூபாய். இரண்டும் சேர்ந்து 39,050 ரூபாய். மாதம் 25,000 ரூபாய் ஊதியம் பெறுபவருக்கு இஃது ஒன்றரை மாத ஊதியத்தினும் மிகுதி. இவற்றுள் எதுவும் அவருக்குப் பெருஞ்செலவாகத் தோன்றியிராது. அனைத்தும் மயிற்பீலிகள்.

வளையலை 40,000 ரூபாய்க்கு அடகு வைத்து, மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் என்னும் குறைந்த வட்டியே கட்டுவதாயினும், மாதந்தோறும் 400 ரூபாய் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையின் செலவு அது.

பொருள்களை விற்கும் கலையில் இந்நிலப்பகுதி மிகப் பழமை வாய்ந்தது. நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945 ஆம் ஆண்டு மார்டிமர் வீலர் நிகழ்த்திய அகழாய்வில் உரோம நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகளும் இத்தாலிய மட்கலங்களும் வெளிப்பட்டன. நிறநிறமான கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் செய்யும் பட்டறைகள் அங்கு இருந்தன. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய செங்கடல் வழிநூல் குறிப்பிடும் பொதுகே என்னும் துறைமுகம் இதுவே என ஆய்வாளர் பலர் கருதுவர். அக்காலத்து உரோமச் செல்வர்கள் தமிழகத்தின் மிளகையும் முத்தையும் மெல்லிய துகிலையும் விரும்பி விரும்பி வாங்கினர். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் உரோம அறிஞர், இந்தியா ஆண்டுதோறும் தம் பேரரசின் செல்வத்தில் ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசுக்குக் குறையாமல் ஈர்த்துக்கொள்கிறது என்றும், அங்கிருந்து வரும் பொருள்கள் அடக்க விலையைப் போல் நூறு மடங்குக்கு விற்கப்படுகின்றன என்றும் எழுதிவைத்தார். அணிகலனுக்கும் ஆடம்பரத்துக்கும் தம் மக்கள் கொடுக்கும் விலை கண்டு அவர் நெஞ்சம் வருந்தினார். அன்று அவாவினால் வாங்கியவர் உரோமர், விற்றவர் நாம். அப்பொன் இங்கே வந்து சேர்ந்தது.

இன்று நிலை தலைகீழாயிற்று. இந்நாட்டில் விற்பனையாகும் தங்கத்தின் பெரும்பகுதி அயல்நாடுகளிலிருந்து விலை கொடுத்துத் தருவிக்கப்படுவதே. இதில் அன்பர்கள் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அட்சய திருதியை அன்று ஒரு குன்றிமணி அளவேனும் பொன் வாங்காவிட்டால் இல்லத்தில் செல்வம் தங்காது என்னும் அச்சம், கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் வணிக விளம்பரங்களால் வேரூன்றியது. அந்நாளின் பழைய வழக்கமோ கொடுத்தல். வெயில் மிகுந்த பருவமாதலின் தண்ணீரும், மோரும், தயிர்ச்சோறும், குடையும், செருப்பும் பிறர்க்கு வழங்குவர். அந்நாளில் அளிப்பது அழியாப் பயன் தரும் என்பதே அப்பெயரின் கருத்து. கும்பகோணத்தில் அந்நாளில் பன்னிரண்டு பெருமாள்கள் கருட வாகனத்தில் ஒருசேர எழுந்தருளும் காட்சியைக் காண மக்கள் திரள்வர். சமணர்கள் அந்நாளை, முதல் தீர்த்தங்கரராகிய ரிஷபதேவர் நெடிய உண்ணாநோன்பைக் கரும்பின் சாறு பெற்று முடித்த நாளாகப் போற்றுவர். அங்கும் ஒருவர் கொடுத்ததே சிறப்பு. கொடுக்கும் நாளை வாங்கும் நாளாக்கி, அதற்கும் கடன் வாங்குவதென்பது பெரியோர் எவரும் கூறாத சமயம்.

சங்க காலத்து மதுரையில் பகலில் கூடும் நாளங்காடியும் இரவில் கூடும் அல்லங்காடியும் இருந்தமையை மதுரைக்காஞ்சி விரித்துரைக்கும். எந்த அங்காடியாயினும் அங்கு நடந்து செல்ல வேண்டும். காசைக் கையால் எண்ணிக் கொடுக்க வேண்டும். பொருளைச் சுமந்து திரும்ப வேண்டும். இம்மூன்று இடங்களிலும் மனம் ஒரு கணம் நின்று, இது வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வாய்ப்பு இருந்தது. இன்று கைப்பேசியே அங்காடி. அதற்குப் பகலும் இல்லை, இரவும் இல்லை. விரல் பட்டவுடன் பொருள் வாயிலுக்கு வருகிறது. காசு போவது கண்ணுக்குத் தெரிவதில்லை. கடன் அட்டையாயின், குறித்த நாளில் முழுத் தொகையைக் கட்டத் தவறியவருக்கு மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாயும் அதற்கு மேலும் வட்டி ஏறும். ஆண்டுக்கு அது நாற்பது ரூபாயை நெருங்கும், தாண்டுவதும் உண்டு. ஊர்ப் புறத்துக் கந்துவட்டியைத் தீது என்று தூற்றுவோர், இதனை வசதி எனக் கொள்வது விந்தையே.

இவ்வாறு கூறுவதால் செலவே செய்யாமல் பொன்னைப் புதைத்து வைத்திருக்க வேண்டும் என்பது கருத்தன்று. நம் அருளாளர் வரலாற்றில் இதற்குத் தெளிவான விளக்கம் உண்டு. திருவீழிமிழலையில் திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் தங்கியிருந்த காலத்தில் கொடிய பஞ்சம் வந்தது. அடியார்கள் பசியால் வாடாதிருக்க, இறைவன் நாள்தோறும் இருவருக்கும் ஒவ்வொரு பொற்காசு பீடத்தில் வைத்தருளினான். அக்காசைக் கொண்டு பண்டம் வாங்கி, இருவர் திருமடத்திலும் அமுது ஆக்கி, வருவோரை அழைத்து உண்பித்தனர். சம்பந்தரின் மடத்தில் மட்டும் அமுது காலந்தாழ்ந்தது. காரணம் கேட்டபோது, அவர் பெற்ற காசுக்கு வணிகர்கள் வாசி, அஃதாவது வட்டம், கேட்கின்றனர் என்றும், நாவுக்கரசர் பெற்ற காசுக்கு வாசி இல்லை என்றும் பணியாளர்கள் கூறினர். உழவாரப் படை தாங்கி உடலால் தொண்டு செய்தவர் நாவுக்கரசர். ஆதலின் உழைத்தவர் பெற்ற காசு குறைவின்றிச் செல்லுபடியாயிற்று எனச் சேக்கிழார் பெருமான் காட்டுகிறார். பின்னர் சம்பந்தர் பதிகம் பாடி வாசி இல்லாக் காசு பெற்றார் என்பது யாவரும் அறிந்ததே.

இவ்வரலாற்றில் கடைக்குச் செல்வது இழிவாகக் கூறப்படவில்லை. இறைவன் கொடுத்த காசே கடைவீதிக்குத்தான் சென்றது. ஆனால் அன்றைய காசு அன்றைய பசிக்கு என்று அளவிடப்பட்டிருந்தது. எதற்காக என்பது தெரிந்து வந்த காசு, அதற்காகவே செலவாயிற்று. மழை பெய்து பஞ்சம் நீங்கியபின் இருவரும் அத்தலத்தை நீங்கிச் சென்றனர். எதனையும் சேர்த்து எடுத்துச் செல்லவில்லை.

அதே நாவுக்கரசர் திருப்புகலூர்த் திருமுற்றத்தில் உழவாரத்தால் புல்லைச் செதுக்குங்கால், படை பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் ஒளிவிடும்படி இறைவன் செய்தான். அவர் அவற்றையும் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரி, வாவியில் எறிந்துவிட்டுப் பணியைத் தொடர்ந்தார். கல்லைத் தெப்பமாகக் கொண்டு அப்பெருமான் கரையேறிய திருப்பாதிரிப்புலியூர், புதுச்சேரிக்குத் தெற்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த தொலைவில், கடலூர் நகருள் உள்ளது. இல்லறத்தார் பொன்னை எறிய வேண்டியதில்லை. பார்த்தவுடன் குனிந்து எடுக்காதிருக்கப் பழகினால் போதும்.

அப்பழக்கத்துக்கு வழி நம் வழக்கிலேயே உள்ளது. அதுவே நோன்பு. மார்கழி நோன்பின் தொடக்கத்தில் ஆயர் சிறுமியர் எவற்றை விலக்கினர் என்பதை ஆண்டாள் திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் கூறுகிறாள். நெய்யும் பாலும் உணவில் இல்லை. கண்ணுக்கு மையும் கூந்தலுக்கு மலரும் இல்லை. அப்பாசுரத்திலேயே, இயன்ற அளவும் பிறர்க்கு ஈதலும் கூறப்படுகிறது. விலக்குதலும் வழங்குதலும் ஒரே பாட்டில் நிற்கின்றன. சபரிமலைக்கு மாலை அணிவோரை நோக்குக. பழைய முறைப்படி 41 நாள்கள் இரண்டு மூன்று வேட்டிகளில் காலம் கழிக்கின்றனர், காலணி இல்லை, பாயில் துயில்கின்றனர், தாமும் பிறரும் கண்டு வியக்கும்படி எளிமையாக வாழ்கின்றனர். இவ்வளவு குறைந்த பொருள்களைக் கொண்டு வாழ முடியும் என்பதை அவர்கள் ஆண்டுதோறும் மெய்ப்பிக்கின்றனர். மாலையைக் கழற்றிய மறுவாரமே கடைவீதியில் காணப்படுவது வேறு கதை.

நாள் வரையறுத்து மேற்கொள்வதே நோன்பின் சிறப்பு. வாழ்நாள் முழுவதும் என்றால் மனம் அஞ்சும். இத்தனை நாள் என்றால் இணங்கும். அண்ணல் காந்தியடிகள் 1921 ஆம் ஆண்டு செப்டம்பர் 22 ஆம் நாள் மதுரையில் மேலாடையையும் தொப்பியையும் நீக்கி முழந்துண்டு மட்டும் உடுத்தியபோது, அக்டோபர் 31 வரையிலாவது இவ்வாறு இருப்பேன் என்றுதான் அறிவித்தார். கதர் வாங்கப் பொருள் இல்லை என்று ஏழை மக்கள் கூறிய சொல் அவரை அம்முடிவுக்குக் கொண்டுவந்தது. நாற்பது நாள் அளவில் தொடங்கிய அவ்வுடை பின்னர் அவர் உயிர் பிரியும் வரை நிலைத்தது. 1934 ஆம் ஆண்டு பிப்ரவரி 17 ஆம் நாள் புதுச்சேரிக்கு அவர் வந்தபோதும் இந்நகர மக்கள் கண்டது அக்கோலத்தையே.

இல்லறத்தார் ஒரு மண்டலம், அஃதாவது 48 நாள், கொள்ளா நோன்பு மேற்கொள்ளலாம். உணவுப்பொருள், மருந்து, பிள்ளைகளின் கல்விக்குரியவை, விளக்கு எண்ணெய், உடைந்ததற்கு மாற்றாக இன்றியமையாது வேண்டுவன ஆகியவற்றுக்குத் தடையில்லை. ஏனைய எப்பொருளின்மீது விருப்பம் எழுந்தாலும், அதனை வாங்காமல் ஓர் ஏட்டில் நாளும் விலையும் இட்டு எழுதிவைக்க வேண்டும். அவ்வளவே விதி. விருப்பத்தை அடக்க வேண்டாம், எழுதினால் போதும். நாள்தோறும் எழுதும் பழக்கம் இவ்வூருக்குப் புதிதன்று. துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 ஆம் ஆண்டு தொடங்கிய நாட்குறிப்பைக் கால் நூற்றாண்டுக் காலம் தமிழில் எழுதிவந்தார். பெரும் வணிகராகிய அவர் வாழ்ந்த மாளிகை, பெரிய மார்க்கெட்டுக்கு அருகே அவர் பெயர் தாங்கிய வீதியில் இன்றும் நிற்கிறது.

இந்நோன்பைத் தலைவன் மட்டும் விதித்து, மனைவியும் மக்களும் நோற்க வேண்டும் என்பது முறையன்று. பெண்களின் புடைவைச் செலவைக் குறைகூறும் ஆடவர், தாம் மாற்றிய கைப்பேசிகளின் விலையைக் கூட்டிப் பார்த்ததில்லை. இல்லத்தார் அனைவரும் ஒருங்கிருந்து இசைந்து, ஏட்டைப் பூசை அறையில் வைத்து, ஒவ்வொருவரும் தம் கையாலேயே எழுத வேண்டும். சிறார்கள் தம் விருப்பத்தைத் தாமே எழுதும்போது அழுகை பாதி குறையும். வீட்டிலுள்ள முதியோரின் மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி போன்றவற்றை ஏட்டுக்கு அனுப்பி ஒத்திவைத்தல் ஆகாது. அவை தேவையில் அடங்கும்.

எல்லோரும் இவ்வாறு வாங்காதிருந்தால் விற்பவர் பிழைப்பது எங்ஙனம் என்று கேட்கலாம். தக்க வினாவே. ஞாயிற்றுச் சந்தையில் தரையில் துணி விரித்து விற்பவரும் நம்மவரே. முத்தியால்பேட்டை நெசவாளரும் வில்லியனூர்ச் சுடுமண் கைவினைஞரும் நம்மவரே. ஆனால் கடனில் மூழ்கிய குடும்பம் இவர்களிடம் வாங்குவதில்லை. விலை குறைந்த, விரைவில் கிழியும் பொருளையே நாடுகிறது. ஆண்டுக்குப் பன்னிரண்டு மெல்லிய சட்டைகள் வாங்குவதை விட்டு, நீடித்து உழைக்கும் கைத்தறி வேட்டி இரண்டு வாங்கினால் செலவும் குறையும், தறியும் ஓடும். தேவையானதை அருகில் இருப்பவரிடம், பேரம் பேசி அவர் வயிற்றில் அடிக்காமல் வாங்குவதை இந்நோன்பு தடுப்பதில்லை.

எஞ்சும் பொருளை என் செய்வது என்பதையும் தொடக்கத்திலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். பெயரில்லாத காசு கையில் தங்காது. முதலில் வட்டி மிகுந்த கடன். அடுத்து அடகிலுள்ள நகை. அதன்பின் அஞ்சலகத்தில் மாதந்தோறும் கட்டும் தொடர் வைப்பு. இவற்றோடு, சிறு தொகையேனும் அன்னதானத்துக்கோ அண்டையில் உள்ள ஏழைப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கோ எனத் தனியே எடுத்துவைத்தல் வேண்டும். வீழிமிழலைக் காசைப் போல் இன்ன பசிக்கு என்று குறித்து வைத்த காசை அவா அணுகத் தயங்கும்.

நாற்பத்தெட்டாம் நாள் விளக்கேற்றியபின் ஏட்டை எடுத்து, எழுதிய ஒவ்வொன்றையும் உரக்கப் படிக்க வேண்டும். இப்பொழுதும் வேண்டும் என்று எழுதியவரே கூறுபவற்றை விட்டு, ஏனையவற்றை அவரே அடித்துவிடலாம். சில பொருள்களை ஏன் எழுதினோம் என்பதே நினைவுக்கு வராது. சிலவற்றின் பெயரைப் படிக்கும்போது இல்லத்தார் சிரித்துவிடுவர். அடிக்கப்பட்டவற்றின் விலையைக் கூட்டி, அத்தொகையைக் கடைசிப் பக்கத்தில் எழுத வேண்டும். எஞ்சிய இரண்டொரு பொருள்களை மறுநாள் காலையிலேயே சென்று வாங்கலாம். நேரு வீதிக் கடைகள் அங்கேயேதான் இருக்கும்.